ஒரு பிள்ளையைக் குறைக்கத் திருவண்ணாமலைக்கு

இந்த வலைப்பூவில் இதுவரை மலை ஏறியதையும் கடல் பார்த்ததையும்தான் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணம் வேறு மாதிரி. கடந்த தை மாதம் மெல்பர்னிலிருந்து திருவண்ணாமலைக்குப் பத்து நாள் போய் வந்தேன், சாமி கும்பிட இல்லை. அம்மாவை ஸ்பான்சர் செய்து நிரந்தரமாக என்னோடு வைத்துக்கொள்ள என் அண்ணன் ஒருவன் தடையாக இருந்தான். அவனைக் கணக்கிலிருந்து எடுக்கத்தான் போனேன்.

பெற்றோருக்கு பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, எடுக்க நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளை எண்ணுவார்கள். குறைந்தது பாதிப் பிள்ளைகள் அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேர். நான் மெல்பர்ன், அக்கா மஸ்கட், அண்ணன் திருவண்ணாமலை. ஆளுக்கொரு நாடு. கணக்கு இடித்தது.

அண்ணன் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சந்நியாசம் வாங்கிக்கொண்டான். தனக்குத் தானே கருமாதி செய்துகொண்டு காவி கட்டினான். செய்தி வந்த அன்று ஆரணி வீட்டில் அப்பாவும் அம்மாவும் சாவுக்குக் குளிப்பதுபோல் குளித்தார்கள். அவனை மகன் இல்லை என்று ஊரே ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலிய அரசு மட்டும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள இந்தியாவில் ஒரு மகன் இருக்கிறான் என்கிறது. இதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார்.

சென்னையில் ஒரு ஏஜென்ட் வழி சொன்னார். பழைய ஆள் செத்துவிட்டான் என்று அண்ணனிடமும் அவன் குருவிடமும் ஆளுக்கொரு கடிதம் வாங்கி வர வேண்டும், அதை வைத்து இறப்புச் சான்றிதழ் எடுக்க அவரிடம் ஆள் இருக்கிறாராம். அண்ணன் கழிந்தால் இரண்டு பிள்ளைகள், அதில் ஒன்று மெல்பர்னில், சரிபாதி. தப்பு என்று தெரியும். ஆனால் கார்த்திகையில் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, அடுத்த வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு வரும்வரை மூன்று மணி நேரம் தரையில் கிடந்தாள். அதற்கப்புறம் எனக்குத் தப்பும் சரியும் ஒன்றாகிவிட்டது.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை 6.40க்கு அரசுப் பேருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 165 கி.மீ., கட்டணம் 180 ரூபாய். செஞ்சியில் பத்து நிமிடம் நிற்கும், கழிப்பறையை நம்பாதீர்கள். 11.15க்கு இறங்கினேன். அங்கிருந்து வேங்கிக்காலுக்கு ஆட்டோவில் 120 ரூபாய். கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புது வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்று அம்மாவுடையது. அப்பா போன மறு வருடமே ஆரணி வீட்டை விற்றுவிட்டு இங்கே வாங்கினாள். தண்ணீர் நல்லா இருக்கு, ஆஸ்பத்திரி பக்கம் என்று எங்களிடம் காரணம் சொன்னாள். நாங்களும் நம்பினோம்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பகலில் ஒரு அம்மா வந்து சமைத்துவிட்டு நாலு மணிக்குப் போய்விடுகிறாராம். அதற்கப்புறம் மறுநாள் காலைவரை அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். என்னோடு வருவதற்கு அம்மா ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தாள். ஏஜென்ட் சொன்ன வழியை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கு ரமணாசிரமம் பக்கம் கிளம்பினேன். வேங்கிக்காலிலிருந்து ஆறு கி.மீ., ஆட்டோ 200 ரூபாய். யாரைப் பார்க்கணும் என்று ஓட்டுநர் கேட்டார். ஒரு சாமியாரை என்றேன்.

"எந்த சாமியாருங்க? இந்த ரோட்டுல எண்ணி முடியாதுங்களே."

செங்கம் சாலையில் இருபது நிமிடம் விசாரித்தோம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியின் பின்பக்கத்தில் அண்ணன் இருந்தான். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், பதிலுக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாம்மா" என்றான். கடைக்கு வருகிறவர்களைச் சொல்வார்களே, அந்த "வாம்மா".

அறையில் ஒரு பாய், துணி காயும் ஒரு கொடி, சார்ஜில் ஒரு போன். போன் வைத்திருக்கிறாயே, பதினாறு வருடமாக மெல்பர்னிலிருந்து அம்மாவுக்குத் தினமும் நான் பேசுகிறேனே, நீ ஒரு நாள் பேசக் கூடாதா என்று வாய்வரை வந்தது. காரியம் கெட்டுவிடும் என்று விழுங்கினேன். நான் பேச்சை எடுப்பதற்குள் அவனே சொன்னான்.

"பௌர்ணமிக்கு அம்மா பொட்டலம் குடுக்க வருவாங்க. ரெண்டு மாசமா காணோம்."

எனக்குப் புரியவில்லை. கேட்கக் கேட்கத்தான் வந்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அம்மா நாற்பது எலுமிச்சை சாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வருவாளாம். கிரிவலப் பாதையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்குக் கொடுப்பாளாம். அந்த வரிசையில் இவனும் உட்கார்ந்திருப்பானாம். ஏழு வருடமாக இப்படி. ஒரு வார்த்தை பேசியதில்லை.

விழுந்துவிட்டாள், இடுப்பு உடைந்துவிட்டது என்றேன். "அப்படியா" என்றான். ஆறு கி.மீ. தூரம். அவள் வராதது தெரிந்திருக்கிறது, போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த நிமிடம் அவனைக் காகிதத்தில் சாகடிப்பதில் எனக்கு இருந்த கொஞ்சம் கூச்சமும் போய்விட்டது. விஷயத்தைச் சொன்னேன். மறுப்பான், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான்.

"பழைய பேர்ல எழுதணுமா, புதுப் பேர்லயா?"

குருவின் கடிதத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று, அவன் கடிதத்தோடு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கையெழுத்து வேண்டும், விண்ணப்பதாரர் அவள்தானே. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அவன் இல்லன்னு நான் எழுதித் தரணுமா?"

"அவனே எழுதிக் குடுத்துட்டாம்மா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கல."

"அவன் குடுப்பான். அவனுக்கு இன்னா? குளிச்சது நானு. ஒரு தடவ ஆச்சு, இன்னொரு தடவ என்னால ஆவாது."

நீங்க விழுந்து கிடந்தப்போ அவன் வந்தானா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தண்ணீரும் ஆஸ்பத்திரியும் பொய், இவனுக்காகத்தானே இங்க வீடு வாங்கினீங்க என்றும் கேட்டேன். அம்மா மறுக்கவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். என் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு, "நீ சாப்புடு, எளச்சிட்ட" என்றாள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்தது நேர்மையால் இல்லை, அம்மா கையெழுத்துப் போடாததால். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே காரியமாக அலைபவர்களுக்குச் சில வார்த்தை. படிவம் நிரப்புவதற்கு முன் உடன்பிறந்தவர்களை எண்ணிப் பாருங்கள், ஏஜென்டுக்குக் காசு கட்டுவதற்கு முன் இன்னொரு தடவை எண்ணுங்கள். குறுக்கு வழி சொல்பவரை விட்டு விலகுங்கள். பிடிபட்டால் உங்கள் பெற்றோர் சுற்றிப் பார்க்கக்கூட வர முடியாமல் போகலாம். திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி அன்று போகாதீர்கள். ஆட்டோ 200 என்பது 500 ஆகிவிடும், தங்க அறையும் கிடைக்காது. போய்த்தான் ஆக வேண்டும் என்பவர்கள் போங்கள், அதற்கு மேல் நான் என்ன சொல்வது.

கணக்குக்குள் வராதவர்களுக்கு மிச்சம் இருப்பது விசிட்டர் விசா. வந்து சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம். அதற்கு ஊரில் ஒரு பிள்ளை இருப்பது நல்லதாம், திரும்பிப் போய்விடுவார்கள் என்று நம்புவார்களாம். கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவோடு உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பினேன். செலவை ஏற்பவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். இந்தியாவுக்குத் திரும்பி வர என்ன காரணம் என்ற இடம் வந்தது. வீடு இருக்கு என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அவன் பேர எழுது" என்றாள் அம்மா.

எழுதினேன். பழைய பெயரைத்தான்.