வீட்டோடு விற்கப்படாத தரகர்

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் முதல் வாரத்தில்தான் முருகையன் கமர் ஜஹானை முதன்முதலாகச் சந்தித்தார். தியாகராய நகரின் நான்கு தெருக்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீட்டுத் தரகு செய்துவந்தவர் அவர். அங்கிருந்த வீடுகளின் பத்திரங்கள் அவருக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஆயினும் மூன்றாம் மாடியில் குடியிருந்த அந்த அம்மாளை அவர் நேரில் கண்டதில்லை. கமர் ஜஹான் முப்பது ஆண்டுகளாக ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தவர். முருகையன் கண்விழிக்கும் முன்பே புறப்பட்டு, அவர் வீடு திரும்பிய பின்பே வந்து சேர்பவர்.

அன்றும் முருகையன் கண்ணில் முதலில் பட்டது அம்மாள் அல்லர். வெளிக்கதவில் தொங்கிய பலகை.

“வீடு விற்பனைக்கு. உரிமையாளரே விற்கிறார். தரகர் வேண்டாம். ஆடித் தள்ளுபடி கிடையாது.”

முருகையனுக்குச் சிரிப்பு வந்தது. ஆடியில் எவர் வீடு வாங்குவார்? சிரிப்பு அடங்கியதும் பலகையை இன்னொருமுறை படித்தார். தம் கை படாமல் இந்த நான்கு தெருக்களில் ஒரு வீடும் கைமாறியதில்லை என்பதே அவர் ஊரெல்லாம் சொல்லிவந்த பெருமை; பிழைப்பும் அதை நம்பியே நடந்தது. இந்தப் பலகை வென்றுவிட்டால் தை பிறப்பதற்குள் கதவுக்கொரு பலகை தொங்கும். மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினார்.

“இன்னா பாயம்மா, ஆடியில போர்டு மாட்டிக்கீறீங்க. ஒருத்தனும் வரமாட்டான்.”

“எங்க கடையில ஆடியிலதான் நைனா நிக்க இடம் இருக்காது.”

“அது துணி. இது வீடு.”

“ரெண்டையும் பிரிச்சுக் காட்டித்தானே விக்கணும்? வாங்கணும்னு முடிவு பண்ணவங்க மாசம் பார்க்கமாட்டாங்க. வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்குத்தான் நல்ல நாள் வேணும். தண்ணி குடிச்சிட்டுப் போ, மூணு மாடி ஏறியிருக்க.”

தண்ணீரைக் குடித்தபடியே முருகையன் துருவித் துருவி விசாரித்தார். கணவர் அப்துல் கய்யூம் உயிரோடிருந்தபோது இருவரும் சேர்ந்து வாங்கிய வீடு. இப்போது முழங்கால் மாடிப்படிக்கு மறுப்புத் தெரிவிக்கிறது. சைதாப்பேட்டையில் தங்கை அஸ்மத்துன்னிசாவின் வீட்டை ஒட்டித் தரைத்தளத்தில் இரண்டு அறைகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஆவணி முடியும்வரை காத்திருப்பதாக அவற்றின் சொந்தக்காரர் வாக்களித்திருக்கிறார். இவ்வளவும் தெரிந்துகொண்ட முருகையன், அம்மாளுக்கு அவசரம் இருக்கிறது, ஆவணியில் தம்மிடம்தான் வந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

இருந்தாலும் சும்மா இருக்கக் கை அரித்தது. மைத்துனன் சேரனுக்குச் சலவைச் சட்டை போட்டு, வீடு வாங்க வந்தவன்போல் மேலே அனுப்பினார். அடிமாட்டு விலைக்குக் கேட்டு, அம்மாளின் மனத்தை உடைத்துவிட்டு வருவதே அவனுக்கு இட்ட பணி.

கமர் ஜஹான் சமையலறையிலிருந்து தொடங்கினார். மழை பெய்தால் இந்தச் சுவர் ஈரமாகும் என்றார். பரவாயில்லை என்றான் சேரன். மாலை வெயில் நேரே படுக்கையறைக்குள் வரும் என்றார். வெளிச்சம் நல்லதுதானே என்றான் அவன். எதிர்வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு மிக்ஸி ஓடும் என்றார். தனக்கும் அதிகாலையில் எழும் பழக்கம் உண்டு என்றான்.

“டீ குடிக்கிறியா தம்பி? கீழ உங்க மாமா நிக்கிறாரே, அவருக்கும் ஒரு கிளாஸ் எடுத்துட்டுப் போ.”

சேரன் இரண்டு தம்ளர்களோடு இறங்கி வந்தான். தாம் அனுப்பியது எப்படித் தெரிந்தது என்று முருகையன் அவனைக் குடைந்தார்.

“எனக்கு இன்னா மாமா தெரியும். ‘முப்பது வருசம் பட்டுப்புடவை பிரிச்சுக் காட்டினவ நான். வாங்கறவ ஜரிகையில நூல் பிரிஞ்சுகீதான்னு குறை தேடுவா. வாங்காதவதான் எல்லாம் நல்லாகீதுன்னு சொல்லிட்டு எழுந்து போவா’ன்னு சொன்னாங்க. டீ நல்லாகீது, குடி.”

அவமானம் தாங்காத முருகையன் மறுநாள் முதல் வெளிக்கதவருகே காவல் நின்றார். பலகையைப் பார்த்து எவராவது நின்றால் அருகில் போய், “வீட்டு மேல கேஸ் கீதுன்னு பேசிக்கிறாங்க சார், எனக்கு இன்னா தெரியும்” என்று காதோடு சொன்னார். மூவர் அப்படியே திரும்பிப் போனார்கள். நான்காம் நாள் காலையில் அவர் வந்தபோது பலகைக்குக் கீழே இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று, வழக்கோ கடனோ இல்லை என்பதற்கான வில்லங்கச் சான்றின் நகல். மற்றொன்று கமர் ஜஹானின் அழகிய கையெழுத்தில் எழுதிய பட்டியல்.

“இவ்வீட்டின் குறைகள்: லிஃப்ட் இல்லை. சமையலறைச் சுவர் மழையில் ஈரமாகும். மாலை வெயில் உண்டு. வாசலில் தரகர் ஒருவர் நிற்பார். அவர் வீட்டோடு சேர்த்து விற்கப்படமாட்டார்.”

அந்தத் தாளைத் தெருவே படித்தது. இஸ்திரிக்காரர் படித்துவிட்டு, “அப்ப உன்ன தனியா வாங்கணுமா நைனா?” என்று கேட்டார். பால்காரர் விலை விசாரித்தார். முருகையன் இரண்டு வாரம் அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றுவழியில் நடந்தார்.

அந்த இரண்டு வாரத்தில்தான் லாவண்யா வந்தாள். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். தாளில் இருந்த குறைகளைப் படித்துச் சிரித்துக்கொண்டே மாடியேறி, தாளில் இல்லாத ஐந்து குறைகளைக் கண்டுபிடித்தாள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டாள். மொட்டைமாடித் தொட்டிக்குள் தலையை நீட்டினாள். குளியலறைத் தரையில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கமர் ஜஹான் மனங்குளிர்ந்து அவளுக்கு நாற்காலி போட்டார். விலை பேச ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆடி முடியுமுன்பே ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். பத்திரப் பதிவை மட்டும் லாவண்யாவின் மாமியாருக்காக ஆவணி வளர்பிறைக்கு வைத்துக்கொண்டார்கள்.

செய்தி காதுக்கு எட்டியபோது முருகையனுக்கு அன்றைய சோறு இறங்கவில்லை. இனி எந்த முகத்தோடு அந்த நான்கு தெருக்களில் நடப்பது?

பதிவு நாளன்று வேறொருவர் வேலையாகப் பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்த அவர், எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். தெருவைக் கடந்து கமர் ஜஹான் தம்மை நோக்கியே வருவதைக் கண்டதும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

“பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சிருக்க நைனா.”

முருகையன் தாளை மடித்தார். “இன்னா பாயம்மா, இங்கியும் போர்டு மாட்ட வந்தீங்களா?”

“ரெண்டு சாட்சி வேணும். ஒண்ணு என் தங்கச்சி பையன். லாவண்யாவோட சித்தப்பா அடையாள அட்டையை அடையாறுலயே விட்டுட்டு வந்திருக்கார். இன்னும் ஆறு டோக்கன்ல கூப்பிட்டுடுவாங்க. நீ கையெழுத்துப் போடு.”

“நானா? தெருவே என்னப் பாத்துச் சிரிக்குது. இந்த நாலு தெருவுல நான் இல்லாம ஒரு வீடு கைமாறினதில்லைன்னு சொல்லிக்கினு திரிஞ்சவன். அதுல மண்ணப் போட்டுட்டு, சாட்சியும் நான்தானா?”

“யோசிச்சுப் பாரு. நீ கையெழுத்துப் போடலைன்னா உன் பேச்சு பொய்யாப் போயிடும். போட்டேன்னு வை, பத்திரத்துலயே உன் பேர் நிக்குது. நீ இல்லாம கைமாறிச்சுன்னு எவன் சொல்லுவான்?”

முருகையன் தம்ளரில் மிச்சமிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் அம்மாள் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் எரிச்சலாகவும் இருந்தது.

“கமிஷன்?”

“ஆடித் தள்ளுபடியே இல்லைன்னேன். ஆவணியில கமிஷன் கேக்கறியே.”

அவர் சட்டைப் பையைத் தடவி ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். கமர் ஜஹான் அதை எடுத்துப் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அவருக்கு எதிரே இருந்த முக்காலியில் வசதியாக உட்கார்ந்தார்.

“சரி, ஆறு டோக்கன் இருக்கு. எனக்கு ஒரு டீ சொல்லு நைனா. சர்க்கரை கம்மியா. காசு நீயே குடுத்துடு, என்கிட்ட சில்லறை இல்லை.”