பனிமேட்டடியில் கோழிக்கறி

அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை நடுநிலையானவள் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். அத்தான் யாழ்ப்பாணத்தில் லொறி ஓட்டியவர். ஆகவே உலகத்தில் ஓடுகிற எல்லா வாகனமும் அவருக்கு அத்துப்படி. அவர் என்ன சொன்னாலும் அக்கா தலையாட்டுவாள். எனக்கு அது இன்னும் எரிச்சல்.

போன குளிர்காலம், இங்கே ஒஸ்ரேலியாவில், பனி பார்க்கப் போனோம். அக்கா, அத்தான், என் மனுசன், நான். அத்தானுடைய டீசல் வான். வீடு இருக்கிற செவன் ஹில்ஸில் புறப்படும்போதே தொட்டி நிரம்ப அடித்துவிட்டார். மலையடிவாரத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிதான் மிச்சம். அங்கே பெட்ரோல் நிலையத்தில், மேலே போகிறவர்கள் குளிர் தாங்கும் டீசலை நிரப்பிக்கொண்டு போங்கள் என்று பலகையே வைத்திருந்தார்கள். வாசித்துக் காட்டினேன்.

“டீசலில என்ன குளிர் டீசல், சூட்டு டீசல்? உதெல்லாம் யாவாரத் தந்திரம்,” என்றார் அத்தான்.

அன்றிரவு மலைமேல் விடுதியில் தங்கினோம். காலையில் வான் முதல் முறுக்கிலேயே உயிர் பெற்றது. அத்தான் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நாலைந்து வளைவுதான் நீடித்தது. வான் இருமியது, திணறியது, நின்றது. நல்ல வேளையாக ஓரம் கட்ட இடம் இருந்தது.

“பற்றறி,” என்றார்.

“பற்றறி எண்டால் எஞ்சின் இப்பிடிச் சுத்தாது அத்தான். இது நல்லாச் சுத்துது, பத்துதில்லை. டீசல் மெழுகு மாதிரி உறைஞ்சு பில்டரை அடைச்சுப் போட்டுது.”

“நீ எப்ப மெக்கானிக் ஆனனீ?”

எஞ்சின் திறப்பை முறுக்கினார், முறுக்கினார், முறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் பற்றறியும் செத்தது. “சொன்னனான் தானே, பற்றறி!” என்றார். அக்கா தலையாட்டினாள். என் மனுசன் பேசாமல் தள்ளிப்போய் உதவி வண்டிக்கு போன் எடுத்தார். வர நேரமாகுமாம்.

நேரமாகும் என்றால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சட்டியைத் திறப்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழிக்கறியும் புட்டும், சூடாக்க காஸ் அடுப்பும் பின்னால் இருந்தன. காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து போனது. அத்தான் காற்றுப் படாத இடம் தேடினார். வீதியோரத்து மேட்டின் அடியில் ஒரு இலை கூட அசையவில்லை. அங்கேயே அடுப்பை வைத்தார். முழங்கால் நோவுக்காரி அக்காவுக்கு மடக்குக் கதிரையை மேட்டோடு ஒட்டிப் போட்டுக் கொடுத்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மேட்டின் விளிம்பில் பனி, கூரைத் தாழ்வாரம் போல அக்காவின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குச் சற்று மேலே நீளமாக ஒரு வெடிப்பு. வெயில் ஏறி, சொட்டத் தொடங்கியிருந்தது. காற்று ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பனியைக் குவிக்கும், காற்றில்லாத பக்கம்தான் ஆபத்து, பனி நீட்டிக்கொண்டிருந்தால் கீழே நிற்காதீர்கள் என்று விடுதிச் சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

“அக்கா, எழும்பு. மேல பனி வெடிச்சிருக்கு.”

“ஒஸ்ரேலியாவில எங்கையடி பனிச்சரிவு? சுவிஸ் எண்டு நினைச்சியோ?” என்றார் அத்தான், கறியைக் கிளறிக்கொண்டு.

“அத்தான் சொல்லுறார் தானே,” என்றாள் அக்கா. “குளிருது. நான் எழும்பேல்லை.”

கையைப் பிடித்து இழுத்தேன், உதறினாள். கெஞ்சினேன். அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டியை ஓங்கி உதைத்தேன். கறி முழுவதும் பனியில் கொட்டியது. இன்னொரு உதை, அடுப்பும் போனது. வீதியைக் கடந்து அந்தப் பக்கத்து வெட்டை வெளிக்கு ஓடினேன்.

“விசரே உனக்கு?” என்று கத்திக்கொண்டு அக்கா எழுந்தாள். என்னை அடிக்கத்தான் வந்தாள். நொண்டி நொண்டி வீதியைக் கடந்து வந்தாள். பின்னால் அத்தான் திட்டிக்கொண்டு, அவருக்குப் பின்னால் சமாதானம் பேச என் மனுசன். அக்கா ஓங்கி ஒரு அறை விட்டாள். கன்னம் எரிய நான் நின்றபோது, பெரிய மூட்டை விழுந்தது போல மேட்டடியில் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தோம். கதிரை இல்லை, அடுப்பு இல்லை, சட்டி இல்லை. ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி கிடந்தது.

உதவி வண்டிக்காரர் வந்து, டீசல் உறைந்துவிட்டது என்று சொன்னபோது கூட அத்தான் பேசவில்லை. நன்றி? அது அவர் வாயிலிருந்து வருமா!

இப்போது அவர் நன்றாகவே பேசுகிறார். எங்கள் பக்கத்துக் கெல்லிவில்லில் யார் வீட்டுப் பிறந்தநாள் என்றாலும் அவருடைய கதை இதுதான்: கோழிக்கறிச் சட்டியை உதைத்த மச்சாள். டீசல் அதில் இல்லை, பனி இல்லை. எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

போன மாதம் பொறுக்க முடியாமல் அவளைக் குசினிக்குள் மறித்தேன். “அண்டைக்கு நீ எழும்பாமல் இருந்திருந்தால்?”

“அதை விடு. அத்தானிட்ட ஒருக்கா மன்னிப்புக் கேள். மனுசன் அண்டைக்கு முழுக்கப் பட்டினி.”

கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. வேண்டுமென்றால் அவள் இன்னொரு முறை என்னை அறையட்டும். அறைவதற்கு அவள் இருக்கிறாள்.