பார்க்காமல் எழுதிய பத்து நாள்

என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். இருபத்தாறு வருடமாக அதே வேலைதான். காம்பவுண்டுக்குள் தரையோடு தரையாக இருக்கும் இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் திறப்பார். முழங்கால் போட்டுக் குனிந்து, மீட்டர் கண்ணாடியில் படிந்த சேற்றைத் துணியால் துடைப்பார். எண்ணை வாய்விட்டு இரண்டு தரம் படித்த பிறகுதான் எழுதுவார். வீடு பூட்டியிருந்தால் முந்தைய மாதங்களைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஒரு எண் போட்டுக்கொள்ளலாம் என்று ஆபீஸே சொல்லியிருக்கிறது. இவர் மட்டும் போட மாட்டார். மறுநாள் போவார், அதற்கு மறுநாளும் போவார். கூட வேலை பார்க்கிறவர்கள் இவருக்கு அரிச்சந்திரன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அது பாராட்டு என்று இவர் நம்பிக்கொண்டிருக்கிறார். நாம் கெடுப்பானேன் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்படி மூடியைத் திறந்த ஒரு நாள்தான் குழிக்குள் நாய்க்குட்டி ஒன்று கிடந்தது. பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கள் மகள் அப்போது நாலாம் வகுப்பு. பைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றவரிடம், இந்த வீட்டில் ஒன்று நாய் இருக்கும், இல்லை நான் இருப்பேன் என்றேன். இரண்டு பேருமே இருந்தோம். அந்தக் குட்டி வெறும் தரையில் உட்காராது. ஒரு கோணியாவது விரித்தால்தான் பிருஷ்டத்தை வைக்கும். அதனால் சீமாட்டி என்று பேர் வைத்தோம். மகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். போன் பண்ணினால் முதலில் சீமாட்டியை விசாரிப்பாள். நேரம் மிச்சமிருந்தால் என்னை.

போன வருடக் கடைசியில் சீமாட்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. குடித்தது என்றால் சாதாரணக் குடி இல்லை, கிண்ணம் கிண்ணமாக. குடித்த தண்ணீர் எல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்தது. கூடத்தில், கட்டிலடியில், நான் மடித்து வைத்த துணி மேல். வயசான கழுதைக்குக் கொழுப்பு என்று நான் திட்டினேன். திட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். இவர் வேலைக்குக் கிளம்பியதும் தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் சீமாட்டி குளியலறைத் தரையை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தைக் கீழே இறக்கி வைத்தேன். இவர் வந்ததும் சொன்னேன். அன்றைக்கே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், மூத்திரம் பார்த்தார், ஸ்கேன் பண்ணினார். இரண்டு கிட்னியும் சேர்ந்து நாலில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, போனது திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார். கிட்னியால் மூத்திரத்தைச் சுண்ட வைக்க முடியவில்லை, அது அத்தனையும் தண்ணீராகவே வெளியே போகிறது, அதை ஈடுகட்டத்தான் நாய் இப்படிக் குடிக்கிறது, எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு பேர் நடுவில் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து வீடே ஆஸ்பத்திரி ஆனது. கிட்னி கெட்ட நாய்க்கென்றே தயாரிக்கிற உணவு, அதில் கலக்க ஒரு வெள்ளைப் பொடி, ரத்த அழுத்தத்துக்கு அரை மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோளுக்குப் பக்கத்தில் தோலைத் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டில் மாதிரி ஒன்றிலிருந்து உப்புத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டுவார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொறிந்து கொடுப்பேன். முதல் தடவை நாயைக் குத்துவதற்குப் பதில் தன் கட்டைவிரலைக் குத்திக்கொண்டு, அரை மணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கை பழகிவிட்டது. தண்ணீர் ஏறியதும் தோளில் கொழுக்கென்று ஒரு மேடு நிற்கும். சீமாட்டி அந்த மேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றும்.

இதையெல்லாம் இவர் ஒரு நோட்டில் எழுதினார். காலையில் எத்தனை மில்லி குடித்தது, எத்தனை கிராம் சாப்பிட்டது, எத்தனை மிச்சம், வாந்தி உண்டா, மலம் எப்படி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிண்ணத்தைப் பார்ப்பார். இரண்டு தரம் வாய்விட்டுப் படிப்பார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை டாக்டரம்மா அந்த நோட்டைப் புரட்டுவார். இப்படி ஒரு நோட்டு இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம், இதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுகிறேன் குறைக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னார். இவர் தலை அன்றைக்கு வாசல் நிலையில் இடித்திருக்க வேண்டும், அவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டார். நாலைந்து மாதம் நன்றாகத்தான் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் பாட்டில் வாங்க கிளினிக்குக்குப் போயிருந்தோம். உள்ளேயிருந்து, சட்டையெல்லாம் தீப்பொறி ஓட்டையோடு ஒரு வெல்டர் வந்தார். போகும்போது கிழட்டு நாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர். வரும்போது கையில் கழுத்துப்பட்டை மட்டும் இருந்தது. என்ன ஆச்சு என்று நாங்கள் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அதற்கும் கிட்னிதான். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு வாரமாகச் சாப்பாட்டைத் தொடவில்லை, அதனால் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டார்களாம்.

"சாப்பிடறத நிறுத்திடுச்சுன்னா அவ்வளவுதாங்க," என்றார். "அதுக்கப்புறம் நாம போட்டு இழுக்கக் கூடாது."

அவருடைய நாயின் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். கடைசி நாட்களில் என்னென்ன பார்த்தாரோ, அந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் வீட்டுக்காரர் அதை அப்படியே நெஞ்சில் ஆணியடித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியிலேயே சீமாட்டி கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தோம். இரண்டு வாய் தின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து, சாப்பாட்டு வேலையை இவரே எடுத்துக்கொண்டார். நீ போ, உனக்கு வேலை இல்லையா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னை விரட்டினார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாத மனுஷன், கிண்ணத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். எனக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? இருந்தாலும் சாப்பிட்டுவிட்டது என்று அவர் சொன்னதை நம்பத்தான் ஆசையாக இருந்தது.

பின்பக்கச் சுவரில் எப்போதும் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். எலும்பும் தோலுமாகக் கிடந்த ஜந்து. ஒரு வாரத்தில் அதன் வயிறு இரண்டு பக்கமும் வழிய ஆரம்பித்தது. துணி உலர்த்தப் போனவள் சுவரடியில் பார்த்தேன். குழைத்த சாப்பாடு, வெள்ளைப் பொடி கலந்தது, பேப்பர் மேல் வைத்திருந்தது. கை ஈரத்தோடு உள்ளே போய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேராக, அவருடைய அந்த அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில், "முழுவதும்" என்று இருந்தது. அதற்கு முந்தின நாளும் முழுவதும். அதற்கு முந்தின நாளும்.

இருபத்தாறு வருடத்தில் ஒரு எண்ணைக் கூடப் பார்க்காமல் எழுதாதவர். இதை வேறு ஒரு விஷயத்தில் கண்டுபிடித்திருந்தால் ஆயுசுக்கும் வைத்து வாட்டியிருப்பேன். இப்போது நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, துணி உலர்த்தப் போய்விட்டேன். கேட்கவில்லை. கேட்டால் சாப்பிடவில்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், சொன்னால் டாக்டரம்மாவிடம் போக வேண்டும், போனால் கழுத்துப்பட்டையோடு திரும்ப வேண்டும். எனக்கும் பயம்தான். அவரை மட்டும் சொல்லி என்ன? நானும் அவருக்குக் கூட்டு.

மகள் போன் பண்ணினாள். நல்லா இருக்கா, சாப்பிடறா என்றார் இவர். போனை என்னிடம் தந்தார். ஆமாம், சாப்பிடறா என்றேன் நானும்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் ஆறு வாரக் கெடு வந்தது. இவர் போக மாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ரத்தம் பார்த்தால் நல்லதாக ஏதாவது வரும் என்று நம்பினாரோ என்னவோ. நோட்டையும் எடுத்துக்கொண்டார்.

எடை மேடையில் சீமாட்டி ஏறி நின்றது. போன முறை இருபத்தொரு கிலோ. இப்போது பதினெட்டரை. டாக்டரம்மா அதை இறக்கி, திரும்ப ஏற்றிப் பார்த்தார். ரத்தம் எடுத்து அங்கேயே மெஷினில் போட்டார். ரத்தத்தில் கழிவு அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் இந்த அளவு இளைக்கிற மாதிரி ஏறவில்லை என்றார். ஸ்கேன் பண்ணினார். அதிலும் ஒன்றும் இல்லை. அப்புறம் நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். முழுவதும், முழுவதும், முழுவதும்.

"இவ்வளவு சாப்பிட்டும் உடம்புல ஒட்டலன்னா குடல்ல ஏதோ இருக்கு," என்றார். "மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டுத்தான் பாக்கணும். இந்தக் கிட்னிக்கு மயக்க மருந்து ஆபத்துதான். எழுந்துக்காமலும் போகலாம். ஆனா உங்க நோட்டு சொல்றதை வச்சுப் பாத்தா எனக்கு வேற வழி தெரியல."

ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். எழுந்திருக்காமல் போனால் பொறுப்பில்லை என்று கையெழுத்துப் போடுகிற தாள். பேனாவையும் தந்தார். இவர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சீமாட்டி மேஜைக்கடியில் இவர் செருப்பு மேல் உட்கார்ந்திருந்தது, வெறும் தரை ஆகாதே அதற்கு. நான் இவர் முழங்கையைத் தொட்டேன். அது அவரைப் பேசத் தள்ளிவிட்டது மாதிரி ஆகிவிட்டது.

"டாக்டர்," என்றார். "அந்தப் பத்து நாளும் பாக்காம எழுதினது."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று விரலால் காட்டினார். "அவ சாப்பிடல. நான்தான் எழுதினேன்."

"எனக்கும் தெரியும் டாக்டர்," என்றேன். அவரைத் தனியாக நிற்க விட எனக்கு மனசு வரவில்லை.

டாக்டரம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை இழுத்து டிராயருக்குள் போட்டார். கீழே உட்கார்ந்து சீமாட்டியின் வாயைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார். ஈறில் சின்னதாக ஒரு புண் இருந்தது. அடிக்கடி உதட்டை நக்குகிறதா, எச்சில் விழுங்குகிறதா, பசியோடு கிண்ணத்துக்கு வந்துவிட்டு முகர்ந்ததும் திரும்புகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றோம். பத்து நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"குமட்டல்," என்றார். "ரத்தத்துல அழுக்குச் சேரும்போது வரும். இதுக்கு ஊசி இருக்கு. மாத்திரையும் இருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. இவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பத்து நாள் அந்த வாயில்லா ஜீவன் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நாங்கள் அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பூனைக்குச் சாப்பாடு போட்டிருக்கிறோம்.

இவர் மென்று விழுங்கிக்கொண்டு வெல்டர் சொன்னதைச் சொன்னார். சாப்பிடாமல் போவதற்குப் பத்துக் காரணம் உண்டு, அதில் சிலதுக்கு மருந்து இருக்கிறது, எந்தக் காரணம் என்று எனக்குச் சொல்வது நோட்டுதான் என்றார் டாக்டரம்மா. இந்த மருந்தும் ஒரு நாள் கேட்காமல் போகும், அப்போது உங்களிடம் நானே சொல்வேன், மறைக்க மாட்டேன் என்றும் சொன்னார். ஊசி போட்டு, நான்கு நாளுக்கு மாத்திரை தந்து அனுப்பினார்.

மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போகவில்லை. கிண்ணத்தில் சாப்பாட்டைக் குழைத்து வைத்துவிட்டு, இரண்டடி தள்ளிக் குந்தினார். நான் சமையலறை வாசலில் நின்றேன். சீமாட்டி வந்து முகர்ந்தது. ஒரு வாய் எடுத்தது. நிறுத்தியது. இன்னொரு வாய் எடுத்தது. அப்படியே மெல்ல மெல்லத் தின்றது. பிறகு தலையைத் தூக்கி, தன் விரிப்புக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது. உதட்டை நக்கவில்லை.

இவர் கிண்ணத்தை எடுத்தார். ஆனால் உள்ளே குனிந்து பார்க்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நீ பாத்துச் சொல்லு," என்றார். "நான் பாத்தா ஜாஸ்தி சாப்பிட்ட மாதிரி தெரியும்."

கிண்ணத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பாதி என்று சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது. இன்னொரு தரம் பார்த்தேன்.

"கால் பங்குதாங்க," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு எழுதினார்.