பழைய மீரான் கடை

"மீரானைக் காணலையே" என்று கேட்டுக்கொண்டே அந்த மாமி படியேறினாள். உட்காரவில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்தார்கள். ஒன்பது கஜம் கட்டிய மூன்று பெண்கள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு மாமா. வாசலில் குதிரை வண்டி நின்றது.

கடைச் சிப்பந்தி தங்கையன் மெத்தையின் ஓரத்தில் மண்டியிட்டான். "உக்காருங்க மாமி. கூரைப்புடவைதானே? புதுச் சரக்கு வந்திருக்கு."

"பாக்கலாம். மீரான் எங்கே? உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

"உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று இழுத்த தங்கையன் கல்லாவைத் திரும்பிப் பார்த்தான். கல்லாவில் கடையின் சொந்தக்காரர் நல்லதம்பி உட்கார்ந்திருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பெண்கள் முன்னால் அவருக்கு என்றுமே குரல் வந்ததில்லை. கையை நீட்டி வீதியின் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

எதிரே, சுண்ணாம்பு வாசனை இன்னும் போகாத ஒரு கடையில், வெள்ளைத் தொப்பி வைத்த மீரான் ஒரு புடவையை விசிறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அட, தனியா வெச்சுட்டாரா! ரங்கநாதன் கடாட்சம், நன்னா இருக்கட்டும்" என்றாள் மாமி.

"இங்கேயே பாத்துடலாமே. சரக்கு ஒண்ணுதானே" என்றார் மாமா.

"சரக்கு ஒண்ணுதான். கை ஒண்ணா? பெரிய பொண்கள் மூணு பேருக்கும் முதல் புடவை அவர் கையாலதான் வாங்கினோம். மூணும் குழந்தை குட்டியோட க்ஷேமமா இருக்கு. கடைக்குட்டி இவளுக்கு மட்டும் மாத்துவானேன்?"

"அதுக்கில்லை, ஆசாரம் பாக்கற ஆத்துல..."

"நனைச்சு மடியா ஒணத்தித்தானே கட்டிக்கப் போறா? கைராசி தண்ணியில கரைஞ்சுடாது. நீங்க வாங்கோ."

நாலு பேரும் இறங்கி வீதியைக் கடந்தார்கள். வண்டிக்காரனும் குதிரையைத் திருப்பி அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான்.

"நிழலுக்குப் போறான்" என்றான் தங்கையன். அந்த நேரத்தில் நிழல் இந்தப் பக்கம்தான் இருந்தது.

கடையின் பலகையில் வீராயி ஜவுளி ஸ்டோர் என்று எழுதியிருந்தது. வீராயி நல்லதம்பியின் தாயார். தகப்பனார் வைத்த பெயர். ஆனால் பெரிய கடை வீதியில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. மீரான் கடை என்றால் தெரியும். துறையூரிலிருந்து வருகிறவர்களும் லால்குடியிலிருந்து வருகிறவர்களும் மீரானையே முதலாளி என்று நினைத்திருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை கல்லாவில் இருப்பவர் கணக்குப்பிள்ளை. ஒருமுறை ஒரு கிழவர் நல்லதம்பியிடம் ரகசியமாக, "ஒங்க மொதலாளிகிட்ட சொல்லி ரெண்டு ரூவா கொறைக்கச் சொல்லுங்களேன்" என்று கேட்டார். நல்லதம்பி எழுந்துபோய் மீரானிடம் சொன்னார். மீரான் குறைத்தார். கிழவர் போன பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அதில் நல்லதம்பிக்கு வருத்தம் இருந்ததில்லை. அவர் தன் கையால் ஒரு புடவைகூட விற்றவரல்ல. சரக்குத் தெரியும். காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களிடம் பேசத் தெரியும். வாங்க வருகிறவர்களிடம் பேச வராது. தகப்பனார் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டு, மூட்டை தூக்க வந்த மீரானை மெத்தையில் உட்கார வைத்தார். அப்போது யுத்தம் முடியவில்லை, துணிக்கு ரேஷன். இல்லாத புடவையைக்கூட மீரான் சொல்லிச் சொல்லியே கண்ணில் காட்டிவிடுவார் என்று தகப்பனார் சொல்வார். கல்யாணப் புடவையை மீரான் எடுத்துக் கொடுத்தால் பெண் நன்றாக வாழ்வாள் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. கிளம்பிவிட்டது. பிறகு அதுதான் கடை.

பகலில் இருவரும் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மீரான் வீட்டிலிருந்து வரும் மாங்காய்ப் பச்சடி நல்லதம்பியின் இலைக்கு வந்துவிடும். நோன்பு மாதத்தில் மட்டும் மீரான் உள்ளே வரமாட்டார். அந்த மாதம் முழுக்க நல்லதம்பியும் பகலில் சாப்பிடுவதில்லை. வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டுத் தூக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். "பசிக்கலை" என்பார். நோன்பா என்று கேட்டால் அவரே சிரித்திருப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் மீரானின் மச்சான் ஜமால் பினாங்கிலிருந்து பணத்தோடு வந்தான். ஒரு நாள் இரவு கடை மூடும்போது மீரான் தூணருகே நின்று, "மொதலாளி, நான் தனியாப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றார். பாலக்கரையிலோ துறையூரிலோ வைப்பார் என்று நல்லதம்பி நினைத்துக்கொண்டார். "நல்லா இரு" என்று சொல்லிப் பட்டுக்கரை வேட்டி ஒன்று கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து எதிரே காலியாகக் கிடந்த பாத்திரக் கடையில் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜனங்கள் அதை மீரான் கடை என்றார்கள். இது பழைய மீரான் கடை ஆயிற்று.

வியாபாரம் பாதியாயிற்று. அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பகல் சாப்பாடுதான் இறங்கவில்லை. மூட்டை அறையில் தனியாக உட்கார்ந்தால் பழக்கத்தில் இலையை ஒரு பக்கமாகத் தள்ளிப் போட்டுவிடுவார். மெத்தையில் மீரான் உட்காரும் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. தங்கையன் ஓரத்தில் மண்டியிட்டபடியே வியாபாரம் பார்த்தான்.

தை மாதம் நல்லதம்பியின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. மார்கழி பாதியில் மனைவி வீரம்மாள் ஆரம்பித்தாள்.

"முதல் புடவை மீரான் பாய் கையாலதான் எடுக்கணும்."

"நம்ம கடையில மாடி பூரா பட்டு அடுக்கிக் கெடக்கு."

"கெடக்கு. எடுத்துக் குடுக்கக் கை எங்க கெடக்கு?"

"அவனை ஒரு நடை இங்க வரச் சொல்றேன்."

"புதுக்கடை வச்சவரைப் பழைய கடைக்கு வந்து வித்துட்டுப் போன்னு சொல்லுவீங்களா? நல்லா இருக்கு ஞாயம்."

"ஊரு சிரிக்கும், வீரம்மா."

"இப்ப மட்டும் அழுவுதாக்கும்."

அவள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக அவர் சம்மதித்தார். அவளுக்குச் சந்தேகம் வந்தது. "ஏங்க, நீங்க பொடவை எடுக்கப் போறீங்களா, ஆள் எடுக்கப் போறீங்களா?"

அவள் சொன்னது சரி. வீதியைக் கடக்க ஒரு காரணம் கிடைத்திருந்தது. பாதிப் பங்கு தருவதென்று முடிவு செய்திருந்தார். பலகையில் மீரான் பெயரைப் போடுவதற்கும் தயார். திரும்பி வந்துவிடு என்று சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம். குளிக்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தார். குளியலறையில் நன்றாகவே வந்தது.

வெள்ளிக்கிழமை, மீரான் ஜும்மா முடிந்து திரும்பும் நேரம் பார்த்துப் போனார்கள். வீதியின் அகலம் இருபது அடி கூட இராது. நடுவில் ஒரு கட்டை வண்டி குறுக்கிட்டு, நல்லதம்பி எல்லோருக்கும் தெரியும்படி நின்றுவிட்டார்.

"என்ன நல்லதம்பி, கடை மாறிப்போச்சா?" என்றார் வெற்றிலை மண்டிக்காரர்.

"ஆமாங்க" என்றாள் வீரம்மாள். "ஒங்க வீட்டு விசேசத்துக்கு எந்தக் கடைன்னு சொல்லுங்க, அங்கயும் வர்றோம்."

மீரான் எழுந்து வாசல்வரை வந்தார். "வாங்க மொதலாளி. வாங்கம்மா." ஜமாலைக் கலர் சோடா வாங்கி வர அனுப்பினார். மெத்தை புதிது, உட்கார்ந்தால் அமுங்கவில்லை.

"நம்ம பாப்பாவுக்கா?" என்றார் மீரான்.

"வேற யாருக்கு?" என்றாள் வீரம்மாள். "கடை பெரிசாத்தான் இருக்கு பாய். எங்க வீட்டுக்காரர்தான் துரும்பாப் போயிட்டாரு. பகல்ல தூக்கு போனபடியே திரும்பி வருது."

மீரான் சிரித்தார். அலமாரிப் பக்கம் திரும்பி நின்றதால் எப்படிச் சிரித்தார் என்று தெரியவில்லை. நாலு புடவைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

பழைய கடையில் கல்லா உள்ளே இருந்தது. அதற்கு முன்னால் மெத்தை. மெத்தையில் மீரான் வாசலைப் பார்த்து உட்காருவார். ஆகவே பதினேழு வருஷமாக மீரான் விற்பதை நல்லதம்பி முதுகிலிருந்துதான் பார்த்திருக்கிறார். முதல் புடவையை எடுக்குமுன் தோள் கொஞ்சம் ஏறி இறங்கும். கனமான சரிகைப் புடவை, மூச்சுப் பிடிக்கிறார் என்று நினைத்திருந்தார். இப்போது எதிரே உட்கார்ந்து பார்த்தார். மீரான் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. பிஸ்மில்லாஹ் என்று சத்தமில்லாமல் சொன்னார். கண்ணைத் திறந்தபோது அந்த முகத்தில் கடையும் இல்லை, வியாபாரமும் இல்லை. எதிரே இருப்பவரின் வீட்டுக் கல்யாணம் மட்டும் இருந்தது. யாருடைய பெண்ணுக்கும் இதே முகம்தான் இருந்திருக்கும் என்று நல்லதம்பிக்குத் தோன்றியது. ஸ்ரீரங்கத்து மாமி பார்த்த முகம். துறையூர்க்காரர்கள் பார்த்த முகம். தனக்கு மட்டும் இன்றைக்குத்தான்.

"பாப்பா மாநிறம். அரக்குதான் எடுக்கும். இந்த மாம்பழக் கலரையும் பாருங்க, பந்தல்ல தனியாத் தெரியும்."

வீரம்மாள் இரண்டையும் அள்ளிக்கொண்டு வெயிலில் வைத்து நிறம் பார்க்க வாசலுக்குப் போனாள். ஜமால் இன்னும் வரவில்லை. இருவரும் மட்டும் இருந்தார்கள்.

நல்லதம்பி வாக்கியத்தைத் தேடினார். அது குளியலறையிலேயே தங்கிவிட்டது.

"அந்த எடம் அப்படியேதான் இருக்கு" என்றார். "யாரையும் உக்கார வைக்கலை. பாதிக்குப் பாதின்னாலும் சரி."

மீரான் மடிப்புக் கலைந்த புடவையை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி, மறுபடியும் மடித்தார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மொதலாளி" என்றார். "இங்கேருந்து நல்லாத் தெரியுது. அப்படி விடாதீங்க. தங்கையனை நடுவுல உக்கார வைங்க. படியேறி வர்றவங்க கண்ணுல முதல்ல அந்தக் காலி எடந்தான் படுது. அதப் பாத்ததும் நான் எங்கன்னு கேக்கத் தோணிடுது."

"அவனுக்குப் பேச வராது."

"எனக்கு மட்டும் வந்துச்சா? மூட்டைதானே தூக்கினேன். பெரியவரு உக்கார வச்சாரு, வந்துச்சு."

நல்லதம்பி தலையை ஆட்டினார். சரி என்றோ இல்லை என்றோ எடுத்துக்கொள்ளலாம். மீரான் குரலை இன்னும் தாழ்த்தினார். "எம் பையன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதறான். நாளைக்கு அவன் வந்து உக்கார எங்களுக்குன்னு இந்தக் கடைதான் இருக்கு மொதலாளி."

வீரம்மாள் திரும்பி வந்தாள். அரக்கு. மீரான் அதை வெற்றிலை, மஞ்சளோடு பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, எழுந்து நின்று இரு கையாலும் நீட்டினார். "நல்லா இருக்கணும்." வீரம்மாள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. விலையை நல்லதம்பி பேரம் பேசாமல் கொடுத்தார். ஜமால் கொண்டுவந்த கலரைக் குடித்தார். வாயு மூக்கில் ஏறி இருமினார்.

"கல்யாணத்துக்கு வந்துடணும் பாய்" என்றாள் வீரம்மாள்.

"முதல் பந்தியே எனக்குத்தாம்மா."

மறுநாள் சனிக்கிழமை. எட்டரை மணிக்குக் கடை திறந்தார்கள். நல்லதம்பி தங்கையனை மெத்தையின் நடுவில் உட்காரச் சொன்னார். அவன் வேண்டாம் என்றான். இரண்டாம் முறை சொன்னதும் உட்கார்ந்தான். காலையில் மன்னார்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, இரண்டு சின்னாளப்பட்டிச் சேலையும் பாவாடைத் துணியும் எடுத்தது. யாரையும் விசாரிக்கவில்லை. பகலில் தூக்கு வந்தது, கத்திரிக்காய்க் குழம்பு. நல்லதம்பி பாதி சாப்பிட்டார். மூன்று மணிக்குத் தூறல் விழுந்து நின்றது. அதன் பிறகு ஒருவர் குளிருக்குப் போர்த்தத் துண்டு கேட்டு வந்தார். இருப்பு இல்லை. எதிர்க்கடையில் கிடைக்கும் என்று நல்லதம்பியே சொன்னார்.