குணம் அண்ணை கேட்ட சின்ன ஆபத்து

“…தோக்க வேண்டாம், முருகா. தோக்கிற மாதிரி வந்தாப் போதும். பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. ஒரு சின்ன ஆபத்து…”

கண்களை இறுக மூடி, கைகளை மடியில் கோத்தபடி எனக்குப் பக்கத்தில் இருந்து இப்படி மன்றாடிக்கொண்டிருந்தவர் எங்கள் கிரின்ஸ்டெட் குணம் அண்ணை. கோயிலில் அல்ல. டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்பால் மைதானத்தில். போன ஞாயிறு, பின்னேரம்.

சொந்த மகன் விளையாடும் அணிக்கு ஆபத்து வரவேண்டும் என்று எந்தத் தகப்பனாவது வேண்டுவாரா? வேண்டுவார்… மகன் ரிலீஃப் பிச்சராக இருந்தால்.

எங்கள் ஊர்க்காரருக்குக் கஜனைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குணம் அண்ணைக்கும் சாந்தி அக்காவுக்கும் ஒரே பிள்ளை. சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடுபவன். ஜெர்மனியில் இரண்டு கழகம், பிறகு நெதர்லாந்து, இப்போது இத்தாலி. பேஸ்பாலில் பந்து எறிபவர்தான் பிச்சர். எதிரே மட்டையோடு நிற்பவர் அடிக்க முடியாதபடி எறிவது அவருடைய தொழில். ஆட்டத்தைத் தொடங்கிய பிச்சர் களைத்து, எதிரணி ஏறி மிதிக்கத் தொடங்கும்போது, “ஓடி வா” என்று கூப்பிடப்படுபவர் ரிலீஃப் பிச்சர். அதுவரைக்கும் மைதான ஓரத்தில் போட்டிருக்கும் நீளப் பலகை வாங்கில் இருப்பார். மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டு ஆறு பந்து எறிந்த நாளும் உண்டு. ஒன்றுமே எறியாமல் பஸ்ஸில் ஏறிய நாள் அதைவிட அதிகம்.

இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்துவது லேசா?

“இன்னும் வாங்கிலையோ இருக்கிறான்?” என்று ஒரு கலியாண வீட்டில் யாரோ கேட்க, சாந்தி அக்கா சொன்ன பதிலை என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். “நெருப்பு அணைக்கிறவனும் வாங்கிலைதான் இருக்கிறான். அதுக்காண்டி வீட்டைக் கொளுத்திப் பாக்கிறியளோ?”

சம்பந்தம் பேச வந்தவருக்கு மட்டும் அந்தப் பதில் போதவில்லை.

“மாப்பிள்ளை என்ன செய்யிறார்?”

“கூப்பிட்டா எறிவார்,” என்றார் குணம் அண்ணை.

“கூப்பிடாட்டி?”

“இருப்பார்.”

வந்தவர் தேத்தண்ணியை முடிக்காமலே எழும்பிவிட்டார்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு டேனிஷ் பெண், எதற்கெடுத்தாலும் “ஐஸில் மாடு இல்லை” என்பார். இந்த நாட்டுப் பழமொழி. உறைந்த ஏரியில் மாடு ஏறினால்தானே பிரச்சினை? ஏறவில்லை, ஆகவே பதறாதே என்று அர்த்தம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கஜன்தான் ஞாபகம் வருவான். மாடு ஐஸில் ஏறினால்தான் அவனுக்கு வேலை.

இவன் எப்படி இதற்குள் போனான்? பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ருண்ட்போல்ட் விளையாடும். மட்டையால் பந்தை அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓடுகிற விளையாட்டு. அதில் இவன் எறிந்த பந்தைப் பிடிக்க மாட்டோம் என்று வகுப்பே மறுத்துவிட்டதாம். பிறகு பதினைந்து வயதில் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அங்கே ஒரு வாத்தியார் பேஸ்பால் பைத்தியம். அவர் பிடித்துக்கொண்டார்.

முதல் போட்டி வீடியோவைத் தகப்பனுக்கு அனுப்பினான். மூன்று பந்து. அடிக்க வந்தவன் மூன்றையும் கோட்டை விட்டான். குணம் அண்ணை உடனே ஃபோன் எடுத்தார். “கவலைப்படாதை ராசா. அடுத்த முறை அவன் அடிக்கிற மாதிரி வாகாப் போடு.”

கஜன் அதே வீடியோவைத் திருப்பி அனுப்பினானாம்.

குணம் அண்ணையில் பிழை இல்லை. அவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்காக எல்லே என்கிற பந்தாட்டம் ஆடியவர். எல்லேயில் பொல்லால் அடிப்பவருக்கு அவருடைய பக்கத்து ஆளே பந்து போட்டுக் கொடுப்பார். அடிக்க வாகாகப் போடுகிறவன்தான் கெட்டிக்காரன். இங்கே எறிகிறவன் எதிராளி என்பது அவருடைய மண்டையில் ஏற ஒரு வருடம் எடுத்தது. ஏறிய பிறகு, கிரின்ஸ்டெட்டில் அதை விளங்கப்படுத்தாத ஆள் இல்லை. கடையில், பிறந்தநாளில், ஒருமுறை செத்தவீட்டில்கூட.

ஆனால் ஒரு குறை. கஜன் சம்பளத்துக்கு ஆடிய ஒன்பது வருடத்தில், ஒரு உண்மையான ஆட்டத்தில், மட்டையோடு ஆள் நிற்க மகன் எறிந்ததை அவர் நேரில் கண்டதே இல்லை.

ஐந்து தரம் போனார். ஒருமுறை கஜனுடைய பக்கம் எக்கச்சக்கமாக வென்றுகொண்டிருந்தது. தேவைப்படவில்லை. ஒருமுறை எக்கச்சக்கமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பயனில்லை. ஒருமுறை மழை. ஒருமுறை முதல்நாள் எறிந்த கைக்கு ஓய்வு. ஐந்தாவது தரம் எல்லாம் சரியாக இருந்தும், பயிற்சியாளர் மற்ற ரிலீஃப் பிச்சரைக் கூப்பிட்டார். அந்தப் பையனுடைய தகப்பனைத் தேடிப் பிடித்துக் கைகொடுத்துவிட்டு வந்தாராம் குணம் அண்ணை.

இப்போது கஜனுடைய தோள்மூட்டு போதும் என்று சொல்லிவிட்டது. கழகங்களுக்கு இடையிலான ஒரு போட்டிக்காக அவனுடைய அணி டென்மார்க் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் கடைசி. அதோடு அவன் பேஸ்பாலை விடுகிறான்.

அதனால்தான் காலையிலேயே புறப்பட்டு, கடலுக்கு மேலே போகும் பெரிய பாலம் தாண்டி, தின்ன ஒரு பெட்டி ரோல்ஸோடு போய்ச் சேர்ந்தோம். குணம் அண்ணை, சாந்தி அக்கா, நான். அடிப்பவருக்கு நேர் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம், முதல் வரிசை. இனி ஆபத்துத்தான் பாக்கி.

எட்டுச் சுற்று முடிந்தது. கஜனுடைய அணிக்கு ஒரு ஓட்டம் முன்னிலை. ஐஸில் மாடு இல்லை.

எங்கள் விழாக்களில் ஒருவர் இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? மேடையில் ஏறமாட்டார், அவருடைய பெயர் நோட்டீசில் வராது. சோறு முடிகிற நேரத்தில், பின்கதவால் இன்னொரு பானையோடு வருவார். அவர் வராவிட்டால்தான் அவருடைய பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வரும். கஜன் அந்தச் சாதி.

ஒன்பதாவது, கடைசிச் சுற்று. முருகன் செவி சாய்த்தார். கொஞ்சம் கூடவே சாய்த்துவிட்டார். எதிரணியில் இன்னும் ஒருவரை வெளியேற்றினால் வெற்றி. ஆனால் மூன்று மூலையிலும் அவர்களுடைய ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேர் ஓடி வந்து இரண்டு ஓட்டம் எடுத்துவிடுவார்கள்… ஆட்டம் போச்சு. பயிற்சியாளர் கையைக் காட்டினார். மைதானத்தின் அந்தக் கடைசித் தொங்கலில் வேலிப் படலை திறந்தது. கஜன் வந்தான்.

“சின்ன ஆபத்தெண்டெல்லோ கேட்டனீங்கள்?” என்றார் சாந்தி அக்கா.

அந்த நேரம் பார்த்து, தமிழ்ப்பிள்ளை ஒருவன் ஆடுகிறான் என்று கேள்விப்பட்ட அல்பர்ட்ஸ்லுண்ட் சனம் இருபது பேர் வந்து எங்களுக்குப் பின்னால் இருந்தார்கள். ஆட்டம் தொடங்கி இரண்டரை மணித்தியாலம். எங்கள் வழக்கப்படி பிந்தித்தான் வந்தார்கள். ரிலீஃப் பிச்சரைப் பார்க்க அதுதான் சரியான நேரம்.

கஜன் நாலைந்து பந்தைச் சும்மா எறிந்து கையைச் சூடாக்கினான். அது கணக்கில் வராது. மட்டைக்காரன் வந்து நின்றான்.

பின்னாலிருந்து ஒரு குரல். அந்த இருபது பேரில் ஒருவர், தொப்பி போட்ட சிவா அண்ணை. “தம்பி, வாகாப் போட்டுக் குடடா!”

குணம் அண்ணை பாம்பு கடித்தவர் போலத் திரும்பினார். “என்னது? வாகாவோ? இஞ்சை பாரும், அடிக்க நிக்கிறவன் எதிராளி!”

“எறியிற தம்பி எங்கடை ஆள் எண்டினமே?”

“ஓம். அவன் அடிக்காமல் இருக்கத்தான் இவன் எறியிறான்.”

முதல் பந்து. மட்டைக்காரன் வீசினான், படவில்லை. பின்வரிசை முழுக்க உச்சுக் கொட்டியது. “பாவம், விட்டிட்டான்.”

“பாவமோ?” குணம் அண்ணை வாங்கில் ஏறி நின்றுவிட்டார். முகம் சனத்துக்கு, முதுகு மைதானத்துக்கு. “எல்லேயை மறவுங்கோ. இது வேறை. மூண்டு தரம் விட்டானெண்டா அவன் வெளியிலை. நாங்கள் வெண்டிட்டம்.”

இரண்டாவது பந்து மட்டையின் விளிம்பில் பட்டுக் கோட்டுக்கு வெளியே பறந்தது; அதுவும் விட்ட கணக்குத்தான். இருபது பேரும் கைதட்டினார்கள்.

“கை தட்டாதேங்கோ!”

“அண்ணை, திரும்பிப் பாருங்கோ,” என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“பொறு தங்கச்சி. முதல்லை இவைக்கு விளங்கோணும்.” விரல் விட்டுச் சொன்னார். “இப்ப ரெண்டு. இன்னும் ஒண்டு. அவன் அடிக்கக் கூடாது. விளங்கிச்சுதோ?”

இருபது தலையும் ஆடின. இருபது வாயும் மூடின.

ஒரு விநாடி கழித்து அத்தனை பேரும் துள்ளி எழும்பிக் கத்தினார்கள். சிவா அண்ணையின் தொப்பி மேலே பறந்தது.

குணம் அண்ணையின் முகத்தில் அப்படியொரு பெருமிதம். “ஆ… இப்பதான் விளங்கியிருக்கு,” என்றார் என்னிடம்.

பிறகுதான் திரும்பினார். மட்டைக்காரன் தலை குனிந்து போய்க்கொண்டிருந்தான். கஜனைத் தோழர்கள் தூக்கிக்கொண்டு நின்றார்கள். முடிந்துவிட்டது. ஒன்பது வருடமும்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாந்தி அக்கா ரோல்ஸ் பெட்டியைத் திறந்து பின்வரிசைக்கு நீட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கஜன் வலைக்குப் பக்கத்தில் வந்தான். வியர்வையில் முகம் பளபளத்தது.

“அப்பா, பாத்தீங்களோ?”

“பாக்காமல்? கடைசிப் பந்து திறம்.”

கஜன் சிரித்தான். “மூண்டு பந்துக்கும் நான் உங்கட முதுகைத்தான் பாத்தனான், அப்பா.”

குணம் அண்ணை கடிகாரத்தைக் கழற்றிச் சாந்தி அக்காவின் கையில் கொடுத்தார். பக்கத்துப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார். மட்டைக்காரன் நின்ற இடத்துக்குப் பின்னால், பந்து பிடிப்பவர் இருக்கும் இடத்தில் போய் நின்று, முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகாத அந்த மனிதர் மெல்ல மெல்லக் குந்தினார். “உங்களை இனி ஆர் தூக்கி எழுப்புறது?” என்று சாந்தி அக்கா கூப்பிட்டதைக் காதில் வாங்காமல், கையுறையில்லாத இரண்டு கைகளையும், எறி என்பதுபோல, மகனை நோக்கி விரித்து நீட்டினார்.