ஓர் ஆன்டெனா, இரண்டு வீடு

எண்பதுகளின் நடுவில் தென்காசியில் ஒரே வளவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மாடியில் ஒரே டி.வி. ஆன்டெனா. அதன் வயர் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய், இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொன்றாக இறங்கும். ஞாயிறு சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மலையாளப் படம் வரும். பாதிதான் புரியும், ஆனாலும் விடமாட்டோம்.

அவர் வீட்டில் நடிகையின் மூக்குத்தி வரை தெரிந்தது. என் வீட்டில் கதாநாயகன் யார், வில்லன் யார் என்றே சொல்ல முடியாது. அத்தனை புள்ளி. படம் தொடங்கியதும் என் மனைவி பிள்ளைகளோடு அக்காள் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன், சகலை புதுச்சட்டை போட்டாலே எரிகிற வயிறுதான் அது.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். என் டி.வி. அவர் வீட்டில் நன்றாகவே தெரிந்தது. புது வயர் இழுத்தேன், பிரயோஜனமில்லை. மிச்சம் அந்தப் பெட்டிதான். சாரல் விழுந்த ஒரு ஞாயிறு எல்லோரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். தலைவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். மாடியேறி, பெட்டியில் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் செருகினேன். என் டி.வி. பளிச்சென்று தெரிந்தது. பெட்டியில் ஒரு பக்கம் பழுது. அதைச் சகலைக்குத் தள்ளிவிட்டேன். புதுப்பெட்டி வாங்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை.

சாயங்காலம் ஈரத்தலையோடு அவரே வந்தார். "சகலை, எங்க வீட்டுல ஒரே புள்ளியா அடிக்குது. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், வந்து பாருங்களேன்."

போய், டி.வி.யை இரண்டு தட்டுத் தட்டினேன். "சாரல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற? இன்னைக்கு நம்ம வீட்டுலதான நல்லா தெரியுது?"

"நீங்க பாருங்க. நான் படம் பாக்கவா போறேன்? அங்கன ஆளும் பேருமா இருக்கும், அத்தான் எதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாங்க."

புள்ளி அடித்த படத்துக்குச் சகலையே வசனம் பேசியிருக்க வேண்டும். அன்றைக்குச் சிரிப்பு முந்தியைவிடப் பலமாகக் கேட்டது. அதில் அவளுடைய சிரிப்பு மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.