கண் திறந்த படம்

செத்துப்போன ஒரு பெண்ணின் முகத்தை நான் அழித்தேன். அந்த இடத்தில் வேறொருத்தியின் முகத்தை வைத்து, இதுதான் அவள் என்று அவளைப் பெற்றவளிடமே சாதித்தேன். அந்தப் படத்துக்கு இன்றைக்கும் மாலை போடுகிறார்கள்... பொட்டு வைக்கிறார்கள்... கற்பூரம் காட்டுகிறார்கள்!

சொல்லிவிட்டேன். நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளியுங்கள். நாற்பது வருஷமாக நான் கண்ணாடியில் பார்க்கும் முகமும் அப்படித்தான் இருக்கிறது.

தருமபுரியின் பழைய ஸ்டூடியோக்காரர்களில் மிச்சமிருப்பவன் நான். கல்யாண வீடுகளில் ட்ரோன் பறக்கவிடும் பையன்கள் டீக்கடையில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். "பாய் காலத்துப் போட்டோன்னா சத்தியம்ங்க. இப்ப நாங்க எடுக்கறதெல்லாம் டூப்பு. கருப்பா இருக்கற பொண்ணச் செவப்பாக்கு, தொப்பயக் கொறைன்னு உயிர வாங்கறாங்க" என்பார்கள். நான் பெரிய மனிதன் மாதிரி தலையை ஆட்டுவேன். சத்தியமாம்... தூ!

கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் போட்டோ பொய் சொல்லக் கற்றுக்கொண்டது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். பிளேடும் பென்சிலும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு நாங்கள் சொல்லாத பொய்யா? அம்மைத் தழும்பை அழித்தோம். மாறுகண்ணை நேராக்கினோம். வழுக்கையில் முடி முளைக்க வைத்தோம். ஆனால் ஒன்று, இன்றைக்கு எடுத்த மறுகணம் படம் திரையில் தெரிந்துவிடுகிறது. சரியில்லையா, அங்கேயே இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் படம் எடுப்பதற்கும் படம் காட்டுவதற்கும் நடுவில் ஓர் இருட்டறை இருந்தது. அதற்குள் நான் என்ன செய்தேன் என்று கேட்க யாருமில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். நான் ஸ்டூடியோ திறந்த புதிது. இண்டூர்ப் பக்கத்தில் ஒரு சாவு, உடனே வரச் சொல்கிறார்கள் என்று ஆள் வந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். காய்ச்சலில் போயிருந்தவள் பச்சியம்மா என்ற இளம்பெண். புருஷன் மாதையன் சோளமும் கேழ்வரகும் விதைத்துப் பிழைக்கிறவன். வாசலிலேயே என் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"பாய், கோயில்ல தாலி கட்டி வூட்டுக்குக் கூட்டியாந்தேன். கல்யாணத்துக்குக்கூட ஒரு போட்டோ எடுக்கல. இந்தக் கொழந்தைக்கு அம்மா மொகம் தெரியோணும். கண்ணத் தொறந்து குடுத்துருங்க பாய்."

யாரோ ஒருத்தியின் இடுப்பில், இன்னும் பால் மறக்காத ஒரு பெண் குழந்தை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

கண் திறப்பது என்றால் என்னவென்று இந்தக் காலத்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிணத்தைப் படமெடுத்து, மூடியிருக்கும் இமைகளின் மேல் கண்களை வரைந்து, உயிரோடு இருப்பது போல் ஆக்கிக் கொடுப்போம். எல்லா ஊரிலும் கேட்பார்கள். எனக்கு அதில் கை தேறியிருந்தது. அந்த வயசில் அது எனக்குப் பெருமை வேறு!

பச்சியம்மாவை நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். தலை நிற்கவில்லை. அவளைப் பெற்றவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியால் தன்னை மறைத்துக்கொண்டு நின்று, இரண்டு கைகளாலும் மகளின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். நான் கேமராவுக்குள் குனிந்தேன். முகம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று படம் எடுத்தேன். அவர்கள் பாடை கட்டப் போனார்கள். நான் பஸ் பிடித்துத் தருமபுரி வந்தேன்.

என் கேமராவுக்கு இரண்டு லென்ஸ். மேலே இருப்பது நான் பார்ப்பதற்கு. கீழே இருப்பதன் வழியாகத்தான் ஃபிலிமில் படம் விழும். புழுதிக்குப் பயந்து கீழ் லென்ஸுக்கு ஒரு மூடி போட்டு வைத்திருந்தேன். அதை நான் கழற்றவே இல்லை.

ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மூன்று கட்டங்களிலும் ஒன்றுமில்லை... ஒன்றுமே இல்லை! நீளமாக வெற்று ஃபிலிம் என் விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்நேரம் அங்கே எரித்து முடித்திருப்பார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த பஸ் ஏறிப் போய், தவறு நடந்துவிட்டது என்று அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். அவன் அழுதிருப்பான். அடித்திருந்தாலும் அடித்திருப்பான். அதோடு முடிந்திருக்கும். நான் என்னைப் பற்றித்தான் நினைத்தேன். புது ஸ்டூடியோ... பேர் கெட்டுவிடும்... மூடியைக் கழற்றத் தெரியாதவன் என்று ஊரே சிரிக்கும்! ஒரு குழந்தைக்குத் தாயின் முகம் இல்லாமல் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் பேர்தான் பெரிதாகப் பட்டது.

வாங்கப்படாத படங்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. அதில் ஒரு பெண், பெங்களூரில் வேலைக்குச் சேரப் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வராதவள். எடுக்கும்போது, "சென்னாகி பருத்தா?" என்று கன்னடத்தில் கேட்டாள், நன்றாக வருமா என்று. கிட்டத்தட்ட அதே வயசு. அதே மாதிரி ஒட்டிய கன்னம். அது போதுமென்று நினைத்தேன்.

மூக்குத்தி வரைந்தேன். நெற்றியில் பெரிய பொட்டு வைத்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு போட்டேன். கண்கள்தான் ஏற்கெனவே திறந்திருந்தனவே! வேலை சுலபமாக முடிந்தது. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என்னைப் பற்றி உங்களுக்கு முழுதாகத் தெரியட்டும்.

காரியத்துக்கு முதல்நாள் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாதையன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "வேற மாதிரி இருக்குதுங்களே பாய்" என்றான். குரலில் கோபமில்லை. சந்தேகம் அவனுக்கு அவன் மேலேயே இருந்தது.

"சாவுல மொகம் மாறிடும் மாதையா. அதுல கண்ண வேற தொறந்துருக்கேன். கேமரா இருக்கறதத்தான காட்டும்? அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றேன்.

அவன் தலையாட்டினான். படித்தவன், பட்டணத்தான், மெஷின் வைத்திருப்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டான். தன் பெண்டாட்டியின் முகம் தனக்கே மறந்துவிட்டதென்று அவன் வெட்கப்பட்டதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றேன்!

உள்ளிருந்து அவளைப் பெற்றவள் வந்தாள். ஒரே ஒரு பார்வைதான்.

"இது எம்பொண்ணு இல்ல."

"அத்தை, சும்மா இருங்க" என்றான் மாதையன்.

"எவளோ ஒருத்தியக் கொண்டாந்து குடுக்கறான்! நான் புடிச்சிட்டிருந்த தல மாப்ள அது. என் கையில இருந்த மொகம் எனக்குத் தெரியாதா?"

அங்கிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை... அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். நான் மாதையனைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவுக்குத் துக்கத்துல புத்தி கலங்கியிருக்குது. பத்திரமாப் பாத்துக்க" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

சில வாரம் கழித்து அவள் ஒற்றையாக ஸ்டூடியோவுக்கு வந்தாள். இந்த முறை சண்டை போடவில்லை. கெஞ்சினாள். "கண்ணு மூடியிருக்கற படம் உங்கிட்ட இருக்கும்ல பாய்? வரையறதுக்கு முன்னாடி எடுத்தது. அது போதும் எனக்கு. செத்த மொகமா இருந்தாலும் பரவால்ல, குடு சாமி." தண்ணீர் பட்டுக் கெட்டுப்போய்விட்டது என்றேன். அவள் போகாமல் நின்றாள். வேறு ஆட்கள் வந்துவிடுவார்களே என்று எரிச்சல் வந்தது. விரட்டினேன். ஒரு தாயை... நாயை விரட்டுவது போல விரட்டினேன்!

அந்த ஊரில் அவளுக்குப் போட்டோப் பைத்தியம் என்று பேர் விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பேய் பிடித்திருக்கிறதென்று வேப்பிலை அடித்தார்களாம். ஒவ்வொரு வருஷமும் திதி அன்றைக்குப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாளாம். அவள் ஒருத்திதான் அந்த வீட்டில் தெளிவாக இருந்தவள். அவளைப் பைத்தியமாக்கியவன் நான். எங்கள் மார்க்கத்தில், மனிதருக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதர் மன்னிக்காமல் இறைவனும் மன்னிப்பதில்லை. அவள் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஐந்து வேளையும் தொழுகிறேன்... யாரை ஏமாற்ற?

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். கோழையாக அப்படியே மண்ணுக்குள் போயிருப்பேன்.

ஸ்டூடியோ இப்போது என் மகனுடையது. கம்ப்யூட்டரும் பெரிய பிரிண்டருமாக அடையாளமே மாறிவிட்டது. நான் ஒரு மூலையில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். போன மாதம் நாற்பது வயசுப் பெண் ஒருத்தி, துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிப் படத்தோடு உள்ளே வந்தாள். துணியை விலக்கியதும் தெரிந்துவிட்டது. என் கைவேலை எனக்குத் தெரியாதா?

அவள் செல்வி. அன்றைக்கு விரல் சப்பிக்கொண்டிருந்த குழந்தை.

மகன் படத்தை ஸ்கேன் செய்து, கறையெல்லாம் போக்கி, கலர் ஏற்றினான். பிறகு செல்போனில் எதையோ தட்டினான். அந்தப் பெங்களூர்ப் பெண் கண்ணைச் சிமிட்டினாள்... தலையைத் திருப்பினாள்... சிரித்தாள்!

செல்வி அழுதுவிட்டாள். "அம்மா சிரிக்கறாங்க!" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான எடுத்தீங்க பாய்? எங்கப்பா சொல்லியிருக்காரு. எங்கம்மா இப்படித்தான் இருந்தாங்களா?"

இறைவன் அவளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திக் கேட்க வைத்தான். நான் சொன்னேன்: "ஆமாம்மா. அப்படியேதான்."

அம்மாவும் தானும் சேர்ந்து நிற்பது போல ஒரு படம் வேண்டும் என்றாள். இப்போது அதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. மகன் அவளைப் படமெடுத்து, திரையில் இருவரையும் பக்கத்தில் நிறுத்தினான். செல்வியின் முகம் வாடியது.

"எனக்கு அம்மா சாடை கொஞ்சங்கூட இல்ல பாருங்க. எங்கம்மாவப் பெத்த அம்மாயி மட்டும், உங்கம்மா மொகம் உன் மொகந்தான்டி, கண்ணாடியப் பாருன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்துச்சு. அதுக்குப் புத்தி சரியில்ல, பாவம்." கொஞ்சம் தயங்கி மகனிடம் கேட்டாள். "தம்பி, எம்மொகத்தக் கொஞ்சம் அம்மா மாதிரி மாத்த முடியுமா?"

நான் திரையைப் பார்த்தேன். அந்த அகலமான நெற்றி... ஒரு பக்கம் மட்டும் ஏறிய புருவம்... கீழுதட்டில் அந்த மடிப்பு... யா அல்லாஹ்! கேமராவுக்குள் குனிந்து நான் பார்த்த முகம். வெள்ளை வேட்டிக்குப் பின்னிருந்து ஒரு தாய் தாங்கிப் பிடித்த முகம். பச்சியம்மா எங்கேயும் போய்விடவில்லை. என் எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

மகன் மவுஸை நகர்த்தினான். நெற்றி குறுகியது. புருவம் இறங்கியது. மூக்கு நீண்டது. உதடு மெலிந்தது. நிறுத்துடா என்று கத்தியிருக்க வேண்டும். மகன் முன்னால் மானம் போய்விடுமே என்ற அதே பழைய பயம். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் அழிந்து, பெங்களூர்ப் பெண்ணின் முகம் அங்கேயும் வந்து உட்கார்ந்தது.

"அத்தா, இப்ப சரியா இருக்கா பாருங்க" என்றான் மகன்.

சரியாக இருக்கிறது என்றேன்.